புதுச்சேரியிலிருந்து சென்ற நங்கூரங்கள்

நியூசிலாந்து தேசத்தின் தலைநகரான வெலிங்டனில், தெ பாப்பா என்னும் தேசிய அரும்பொருட்சாலையில், பழைய இரும்பு நங்கூரம் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. அதன் இணை, அத்தேசத்தின் வடகோடியிலுள்ள கைத்தாயா என்னும் சிற்றூரின் காட்சிசாலையில் இருக்கிறது. இருநூற்றைந்து ஆண்டுகள் கடலடியில் கிடந்து 1974ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட அந்த நங்கூரங்களைச் சுமந்து சென்ற கப்பல், 1769ஆம் ஆண்டு ஜூன் மாதம் 2ஆம் தேதி நம்முடைய புதுச்சேரித் துறையிலிருந்துதான் பாய் விரித்துப் புறப்பட்டது. ஐரோப்பியர் பசிபிக் சமுத்திரத்தை ஆராய்ந்த சரித்திரத்தில் இந்தப் பிரயாணத்திற்கு நிலையான ஓர் இடம் உண்டு. ஆனால் அந்தப் பிரயாணத்திற்குப் பொருளும் முதலும் ஆட்களில் ஒரு பகுதியும் கொடுத்த ஊரில், அதை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

பெரிய மார்க்கெட்டை மையமாக வைத்து இந்த ஊரை நோக்குவோர்க்கு அதன் பழைய வாழ்க்கை முறை எளிதில் விளங்கும். தெற்கே ரங்கப்பிள்ளை வீதியில், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இன்றும் நிற்கிறது. கிழக்கே சிறிது தூரம் நடந்து, வெள்ளையர் பட்டணத்தையும் தமிழர் பட்டணத்தையும் பிரித்துவைத்த கால்வாயைக் கடந்தால், கவர்னர் மாளிகையும் அதற்கப்பால் கடலும் வந்துவிடும். உள்நாட்டு ஊர்களில் நெய்து, வெளுத்து, நீலம் தோய்த்த துணிகள் வியாபாரிகளின் கையில் திரண்டு, கும்பினியாரின் கிடங்கில் தரம் பார்க்கப்பட்டு, கட்டுக்கட்டாகக் கடலேறிய பாதை இதுவே. 1736 முதல் 1761 ஜனவரியில் தாம் இறக்கும் வரையில் பிள்ளை எழுதிவந்த நாட்குறிப்பில், எந்தக் கப்பல் எப்போது வந்தது, எத்தனை குண்டு மரியாதை போடப்பட்டது, என்ன சரக்கு இறங்கிற்று என்ற செய்திகள் வரவு செலவுக் கணக்குப் போன்ற ஒழுங்குடன் இடம்பெற்றிருப்பதற்குக் காரணம், அந்த ஊரில் அரசியல், வியாபாரம், குடும்ப சுகதுக்கம் யாவும் கப்பலையே எதிர்நோக்கியிருந்தன என்பதுதான். அவருக்கே ஆனந்தப்புரவி என்ற பெயருடைய கப்பல் சொந்தமாக இருந்தது.

இத்தனை கப்பல்கள் வந்துபோன ஊருக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. பெருங்கப்பல்கள் கரையை நெருங்க முடியாமல் ஆழமான இடத்தில் நங்கூரமிட்டு நிற்க, கரைக்கும் கப்பலுக்கும் இடையே சலங்குகளே ஆட்களையும் சரக்கையும் கொண்டுசென்றன. இரும்பாணி எதுவும் அறையாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்யப்பட்ட அந்தப் படகுகள், அலை மோதும்போது முறியாமல் வளைந்து கொடுக்கும். அவற்றைச் செலுத்தியவர்களுக்கோ எந்த அலைக்குப் பின் துடுப்பை வலிக்க வேண்டும், எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பது பரம்பரையாக வந்த அறிவு. ஐரோப்பியக் கப்பல்களின் சொந்தப் படகுகள் இந்த அலைமுகத்தைக் கடக்கத் துணிந்தபோது பல தடவை உயிர்ச்சேதம் நேர்ந்தது. இந்த விஷயத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்; கதையின் முடிவில் இது திரும்பவும் வரும்.

1761ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஆங்கிலேயரிடம் வீழ்ந்து, கோட்டையும் மாளிகைகளும் தரைமட்டமாக இடிக்கப்பட்ட புதுச்சேரி, 1763இல் பாரிஸ் நகரில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி பிரெஞ்சுக்காரரிடம் திரும்ப வந்தது. 1765இல் ஆளுநராக வந்திறங்கிய ழான் லோ தெ லொரிஸ்தோன், கற்குவியல்களின் நடுவே ஊரைப் புதிதாக எழுப்பும் பணியை ஏற்றார். அந்த நிலையிலும் அவர் தூர தேசத்து வியாபாரத்தைப் பற்றிக் கனவு கண்டார் என்பது வியப்புக்குரியது. தென்கடலில் ஆங்கிலேயர் செல்வம் கொழிக்கும் தீவு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாகக் கேள்விப்பட்ட லொரிஸ்தோனும், வங்காளத்தில் சந்திரநாகூரின் தலைவராக இருந்த ஷெவாலியேயும், கும்பினி மாலுமியாகிய ழான் பிரான்சுவா தெ சுர்வீலும் கூட்டுச் சேர்ந்து, அத்தீவை முந்திப் பிடிப்பதற்காகக் கப்பல் ஒன்றைச் சித்தம் செய்தார்கள். வாலிஸ் என்ற ஆங்கில மாலுமி 1767இல் தாஹித்தித் தீவை அடைந்த செய்தியே, வாய்க்கு வாய் பெருகி, பொன்விளையும் பூமியாக இவர்கள் காதில் விழுந்திருந்தது.

சேன் ழான் பத்தீஸ்த் என்னும் அந்தக் கப்பல் 1769 மார்ச்சில் ஹூக்ளி நதியை விட்டு, ஏனாமிலும் மசூலிப்பட்டினத்திலும் சரக்கேற்றிப் புதுச்சேரிக்கு வந்து, இங்கும் ஏற்ற வேண்டியவற்றை ஏற்றிக்கொண்டு கிழக்கு நோக்கிச் சென்றது. அதன் வயிற்றில் இருந்த முக்கியமான சரக்கு சோழமண்டலக் கரையின் துணி. இன்னொரு செய்தியும் இங்கே குறிப்பிடத் தக்கது. அக்கப்பல் புறப்பட்ட ஜூன் 2ஆம் தேதிக்கு இரண்டு நாள் கழித்து, சூரிய பிம்பத்தின்மீது சுக்கிரன் கடந்து செல்லும் அபூர்வக் காட்சியை அளப்பதற்காகப் புதுச்சேரியில் வானாய்வுக் கூடம் அமைத்துக் காத்திருந்த பிரெஞ்சு ஜோதிட சாஸ்திரி லெ ழான்தி, அந்தக் காலைப் பொழுதில் மட்டும் மேகம் மூடியதால் ஒன்றையும் காணாமல் போனார். அதே காட்சியை அளப்பதற்காக தாஹித்திக்கு அனுப்பப்பட்டிருந்தவர் காப்டன் குக். விஞ்ஞானமும் பேராசையும் சாம்ராஜ்யப் போட்டியும் ஒரே வாரத்தில், ஒரே கடற்கரையில், அருகருகே நின்றன.

மலாக்கா வழியாகச் சீனக்கடலைத் தாண்டிச் சாலமன் தீவுகளை அடைவதற்குள் ஸ்கர்வி என்னும் கொடிய நோய் கப்பலில் பரவிவிட்டது. புதிய காயும் கனியும் நெடுநாள் கிடைக்காத உடம்பில் ஈறு அழுகி, பழைய புண் திறந்து, வலிமை குன்றி ஆளைக் கொல்லும் அந்த நோயினால் நாள்தோறும் பிணங்கள் கடலில் இறக்கப்பட்டன. சாலமன் தீவுகளில் சண்டையும் ரத்தமும் நேர்ந்தன. அங்கிருந்து ஒரு சிறுவனையும் பிடித்துக்கொண்டு போனார்கள். டிசம்பர் மாதம் 12ஆம் தேதி நியூசிலாந்தின் கரை தென்பட்டபோது, கப்பலைச் செலுத்துவதற்குப் போதிய ஆட்களே திடமாக இல்லை. குக்கின் எண்டெவர் கப்பல் அப்போது அதே நாட்டை எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருந்தது. புயலில் அலைப்புண்ட இரு கப்பல்களும் வடமுனையருகே ஒன்றையொன்று காணாமலே கடந்து சென்றன.

சுர்வீல் நங்கூரமிட்ட விரிகுடாவிற்குச் சில நாள் முன்னர்தான் குக் தூரத்திலிருந்தபடியே டவுட்லெஸ் என்று பெயரிட்டுச் சென்றிருந்தார். அதை அறியாத சுர்வீல், புதுச்சேரி ஆளுநரின் ஞாபகமாக அதற்கு லொரிஸ்தோன் விரிகுடா என்று பெயர் வைத்தார். அங்கே வாழ்ந்த ங்காத்தி காஹு குலத்து மாவோரி மக்கள், நோயாளிகளுக்குத் தண்ணீரும் மீனும், அந்த நோய்க்கு அருமருந்தாகிய பச்சைக் கீரைகளும் கொடுத்தார்கள். டிசம்பர் 27ஆம் தேதி எழுந்த புயலில் வடம் அறுந்தும் அறுக்கப்பட்டும் மூன்று நங்கூரங்கள் கடலில் போயின; சிறுபடகொன்றும் அடித்துச் செல்லப்பட்டது. கரையில் அகப்பட்டுக்கொண்ட நோயாளிகளைப் புயல் ஓயும் வரையில் தன் இருப்பிடத்தில் வைத்து உணவளித்துக் காத்தவர் ராங்கினுய் என்ற தலைவர். காற்று அடங்கியபின், கரையொதுங்கிய படகை ஊரார் எடுத்துக்கொண்டதைக் கண்டு ஆத்திரமுற்ற சுர்வீல், குடிசைகளைக் கொளுத்தி, அந்த ராங்கினுயையே கைதியாகக் கப்பலேற்றினார். சோறிட்டவனைச் சிறைப்பிடித்த இந்தச் செயலை அக்காலத்து வழக்கம் என்று சொல்லி மன்னிக்க என்னால் முடியவில்லை. ஏனெனில் அந்த மனிதரைத் தங்களுக்கு உபகாரம் செய்தவர் என்று கப்பலில் இருந்தவர்களே அடையாளம் கண்டார்கள். 1770 மார்ச் 24ஆம் தேதி, தன் நாட்டை விட்டு வெகுதூரம் வந்தபின், ராங்கினுய் ஸ்கர்வி நோயால் கப்பலில் உயிர்விட்டார்.

பெரு தேசத்தின் சில்கா என்ற கரையை எட்டியபோது, உதவி கேட்டுத் தாமே கரையிறங்க முற்பட்ட சுர்வீல், சிறுபடகில் அலைமுகத்தைக் கடக்கையில் கவிழ்ந்து, 1770 ஏப்ரல் 8ஆம் தேதி மூழ்கி இறந்தார். பல ஆண்டுகள் இந்தியக் கரைகளில் கப்பலோட்டிய அவர், புதுச்சேரியில் ஏறியிறங்கிய ஒவ்வொரு தடவையும் சலங்குக்காரரின் கைத்திறத்தை நம்பியே கரை சேர்ந்திருப்பார். அந்தத் திறமும் அந்தத் தைத்த படகும் இல்லாத ஓர் அலைமுகத்தில் அவர் மாண்டார் என்பதை, இந்தப் பிரயாணத்தை எழுதுவோர் இன்னும் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஸ்பானியர் கப்பலைக் காயாவோ துறையில் மூன்று ஆண்டு நிறுத்திவைத்தார்கள். 1773இல் அது பிரான்சின் லொரியான் துறையை அடைந்தபோது, புறப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் உயிருடன் இல்லை, அல்லது வழியில் விலகிப் போயிருந்தனர்.

அந்தக் கப்பலில் போனவர்களில் நம்மவரும் இருந்தனர். கப்பலின் ஆள்பதிவுகளை அண்மைக் காலத்தில் நுணுகி ஆராய்ந்தவர்கள், லஸ்கர்கள் எனப்படும் இந்திய மாலுமிகள் இருவரின் பெயரை மீட்டுத் தந்திருக்கிறார்கள்: ஒருவர் மமூத் காசிம், புதுச்சேரியைச் சேர்ந்தவர், இருபது வயதளவினர், மற்றவர் நஸ்ரின், வங்காளத்தைச் சேர்ந்த இளைஞர். நியூசிலாந்தை அடைந்த முதல் இந்தியர்களாக இன்று எண்ணப்படுபவர்கள் இவர்களே. பிரெஞ்சு எழுத்தரின் காதில் விழுந்தபடி சிதைந்து எழுதப்பட்ட அந்தப் பெயரைத் தவிர, இந்த ஊர் இளைஞரைப் பற்றி நமக்குக் கிடைத்திருப்பது அற்பமே. ஆயினும் காப்டன் குக்கின் மாலுமிகள் பெயர் பெயராக அறியப்படும் ஒரு சரித்திரத்தில், புதுச்சேரிக்காரர் ஒருவருடைய பெயரும் வயதும் ஊரும் எழுத்தில் இருக்கின்றன என்பது சிறிய செய்தியன்று.

நங்கூரங்கள் கிடைத்த வரலாறு, கடலடி ஆராய்ச்சி எவ்வாறு நடைபெறுகிறது என்பதற்கு நல்ல உதாரணம். கெல்லி டார்ல்டன் என்ற நியூசிலாந்து மூழ்காளர் கடலுக்குள் இறங்குவதற்கு முன்பு காகிதத்தில் இறங்கினார். சுர்வீல், லபே, பொத்தியே தெ லோர்ம் ஆகிய கப்பல் அதிகாரிகள் எழுதிவைத்த நாட்குறிப்புகளிலும், அவர்கள் வரைந்த விரிகுடாப் படத்திலும், கப்பல் நின்ற இடத்திலிருந்து எந்த முனை எந்தத் திசையில் தெரிந்தது, நீர் எத்தனை ஆழம், காற்று எப்பக்கம் திரும்பிற்று என்ற விவரங்கள் இருந்தன. அவற்றை இன்றைய வரைபடத்தின்மீது பொருத்திப் பார்த்தபின்தான் தேடவேண்டிய இடம் சுருங்கியது. ஆவணம் வழிகாட்ட, கடல் அதை உறுதி செய்தது.

எடுத்த பொருளைக் காப்பாற்றுவது அதைவிடக் கடினமான காரியம். உப்பு நீரில் நெடுங்காலம் கிடந்த இரும்பைச் சுற்றிச் சுண்ணாம்பும் மணலும் சிப்பியும் சேர்ந்து கல்போன்ற ஓடாக இறுகிவிடும். உள்ளே உலோகத்தின் நுண்துளைகளில் உப்பு ஏறியிருக்கும். அதைக் கரைக்குக் கொண்டுவந்து வெயிலில் வைத்துவிட்டால், உப்பு வெடித்து இரும்பு ஏடேடாகப் பிரிந்து விழும். ஆகையால் ஈரம் உலரவிடாமல் வைத்து, காரக் கரைசலில் இட்டு, மின்சாரம் செலுத்தி, மாதக்கணக்காகவும் வருஷக்கணக்காகவும் உப்பை வெளியேற்ற வேண்டும். இந்த ஏற்பாடு முன்கூட்டியே இல்லாதவர்கள் கடலடிப் பொருளைத் தொடாமலிருப்பதே அப்பொருளுக்குச் செய்யும் உபகாரம்.

நம் கரைகளில் இத்தகைய ஆராய்ச்சி அறவே நடவாமலில்லை. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் பூம்புகார்க் கடலில் நடத்திய தேடலில், சுமார் 19 மீட்டர் ஆழத்தில் உடைந்த கப்பலொன்றின் எச்சங்களைக் கண்டனர். அங்கே கிடைத்த ஈயப் பாளங்களில் பிளாக்கெட் என்ற ஆங்கிலப் பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. இலங்கையின் தென்கரையில் கொடவாயக் கடலில் மீனவர்கள் கண்டு சொன்ன மரக்கலம், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையதாக நிர்ணயிக்கப்பட்டு, இந்து மகா சமுத்திரத்தில் இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பழையதென்று கருதப்படுகிறது. ஓமான் நாட்டுத் தீவொன்றின் அருகே, வாஸ்கோ ட காமாவின் இரண்டாம் பிரயாணத்தில் வந்து 1503இல் புயலில் அழிந்த கப்பலிலிருந்து, 1498 என்று ஆண்டு பொறித்த மணி ஒன்றும், மாலுமிகள் சூரியனின் உயரத்தை அளந்த கருவியொன்றும் எடுக்கப்பட்டன; அந்தக் கப்பல் கிடைத்த செய்தி 2016இல் உலகிற்கு அறிவிக்கப்பட்டது.

இனிப் புதுச்சேரிக் கடலுக்கே வருவோம். 1761ஆம் ஆண்டின் முதல் நாள், நகரை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலக் கப்பற்படையின்மீது பெரும்புயல் ஒன்று வீசியது. டியூக் ஆஃப் அக்விடெய்ன், சண்டர்லாண்ட் என்ற போர்க்கப்பல்கள் கவிழ்ந்து மூழ்கின. ஏறக்குறைய 1,100 பேர் மாண்டனர். பிழைத்தவர்கள் ஏழு ஐரோப்பியரும் ஏழு லஸ்கர்களுமே. நியூகாசில், குவீன்பரோ, புரொடெக்டர் என்னும் மூன்று கப்பல்கள் நகருக்குத் தெற்கே சுமார் இரண்டு மைல் தூரத்தில் கரைதட்டி உடைந்தன. அவற்றிலிருந்தவர்களில் எழுவர் நீங்கலாக ஏனையோர் தப்பினர். முற்றுகை தளராமல் நீடித்து, இரண்டே வாரத்தில் பிரெஞ்சுப் படைத்தலைவர் லாலி சரணடைந்தார். புயலுக்கும் வீழ்ச்சிக்கும் நடுவே, ஜனவரி 12ஆம் தேதி, ஆனந்தரங்கப் பிள்ளை காலமானார்.

இவற்றுள் டியூக் ஆஃப் அக்விடெய்னின் ஜாதகம் விசித்திரமானது. அது லொரியான் துறையில் பிரெஞ்சுக் கும்பினிக்காகக் கட்டப்பட்ட கப்பல். 1757 மே மாதத்தில் ஆங்கிலேயர் அதைப் போரில் கைப்பற்றித் தம் கடற்படையில் சேர்த்துக்கொண்டனர். அதைப் பிடித்த ஈகிள் என்ற போர்க்கப்பலில் அப்போது ஒரு சிறு உத்தியோகத்தில் இருந்தவர், பின்னாளில் பசிபிக்கின் பெரும்பகுதியை வரைபடத்தில் கொண்டுவந்த ஜேம்ஸ் குக். பிரெஞ்சுக் கும்பினி கட்டிய கப்பல், அந்தக் கும்பினியின் தலைநகரை முற்றுகையிட வந்து, அதன் கண்ணெதிரே மூழ்கிற்று. குக்கின் எண்டெவர் கப்பல் 1778இல் அமெரிக்காவின் நியூபோர்ட் துறைமுகத்தில் மூழ்கடிக்கப்பட்டது. அதன் எச்சம் இன்னதென்று பல்லாண்டு ஆய்வுக்குப்பின் 2022இல் ஆஸ்திரேலியக் கடலியல் அரும்பொருட்சாலையார் அறிவித்தனர். அந்தக் கப்பலுக்குக் கிடைத்த சிரத்தையில் நூற்றில் ஒரு பங்கேனும் புதுச்சேரிக் கடலில் கிடப்பவற்றிற்குக் கிடைக்க வேண்டாமா?

இது வெறும் ஆசையன்று. நடைமுறையில் சாத்தியமான வேலை. கரைதட்டிய மூன்று கப்பல்களும் நகரிலிருந்து இன்ன தூரம் என்று எழுத்தில் இருக்கிறது. ஆங்கிலக் கப்பற்படையின் பதிவுகளும், போரைப் பற்றி விரிவாக எழுதிய ஓர்மின் நூலும், புதுச்சேரியில் பிள்ளைக்குப் பின்னும் தொடர்ந்த தமிழ் நாட்குறிப்பு மரபும் ஒப்பிட்டுப் பார்க்கக் காத்திருக்கின்றன. அந்தப் பகுதிக்கு அருகேதான் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரமும், ரோமாபுரியோடு வாணிகம் நடந்ததற்குச் சான்றாக 1945இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேடும் உள்ளன. ஆகவே ஒரே ஆராய்ச்சி இரண்டு காலத்துக்கும் பயன்படும்.

ஆனால் காலம் நம் பக்கம் இல்லை. நம் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 1980களின் இறுதியில் முகத்துவாரத்தில் துறைமுகத்திற்காகக் கற்சுவர்கள் எழுந்தபின், அந்த மணல் தென்புறத்தில் தடுக்கப்பட்டுக் குவிய, வடக்கே நகரின் பழைய கடற்கரை அரித்துப் போயிற்று. இதனால் 1761இல் அலைவாயில் உடைந்த கப்பலின் எச்சம் இன்று மணலடியிலோ, ஒருவேளை தரைக்குள்ளேயோ இருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு. மணல் மூடியிருந்தால் ஒருவகையில் நன்மையே. காற்றும் கப்பற்புழுவும் எட்டாத இடத்தில் மரம் நெடுங்காலம் கெடாது. ஆனால் துறைமுக வாயில் தூர்ந்துபோகும்போதெல்லாம் ஆழப்படுத்தும் எந்திரங்கள் வந்து மணலை வாரிக் கொட்டுகின்றன. அந்த மணலோடு என்ன போகிறது என்று பார்ப்பதற்குத் தொல்லியல் அறிந்த ஒருவர் அருகிலிருக்க வேண்டும் என்பதை யாரும் விதியாக்கியதாகத் தெரியவில்லை.

மூழ்கிய போர்க்கப்பல் ஆயிரம் பேருடைய சமாதியும் ஆகும் என்பதனால், அதை வாரிக் கொண்டுவந்து காட்சிக்கு வைக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. எங்கே, என்ன நிலையில் இருக்கிறது என்று அளந்து, வரைபடத்தில் குறித்து, அந்த இடத்திற்குக் காவல் கொடுத்தால் முதற்படிக்குப் போதும். புதுச்சேரி அரசும், இந்தியத் தொல்லியல் துறையின் கடலடிப் பிரிவும், தேசியக் கடலியல் நிறுவனமும் கூடிச் செய்யத்தக்க காரியம் இது. 1769ஆம் ஆண்டுப் பிரயாணத்தைப் பற்றி நியூசிலாந்தில் குழந்தைகள் படிக்கிற அளவேனும் நம் குழந்தைகள் படிக்க, கைத்தாயா, வெலிங்டன் காட்சிசாலைகளோடு தொடர்புகொண்டு அந்த நங்கூரங்களின் வார்ப்புப் பிரதி ஒன்றைப் பெற்று, மமூத் காசிமின் பெயரையும் ராங்கினுயின் பெயரையும் எழுதி, ஊரின் நடுவே பெரிய மார்க்கெட்டின் பக்கத்தில் நிறுத்துவதற்கு அதிகச் செலவாகாது.

இதற்கெல்லாம் காத்திராமல் இன்றே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. வலை எந்த இடத்தில் எதில் சிக்குகிறது என்று வீராம்பட்டினம் முதலிய குப்பங்களின் மீனவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தக் கருவிக்கும் தெரியாது. கொடவாயக் கப்பலை உலகுக்குக் காட்டியவர்களும் மீனவர்களே. அவர்களிடம் சென்று கேட்டு, அந்த இடங்களை அவர்களுடைய அடையாளக் குறிப்போடு எழுதிவைக்கும் பணியைப் புதுச்சேரிக் கல்லூரிகளின் சரித்திர மாணவர்கள் மேற்கொள்ள வேண்டும். வலையில் வந்த பழைய இரும்போ பானையோ மரமோ எதுவாயினும் பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் தொல்லியல் துறையின் பார்வைக்கு வரும்படி மீனவப் பஞ்சாயத்துகள் ஏற்பாடு செய்ய வேண்டும்.